உஷார்! இடுப்பு வலிக்கு ‘ஹிப் பெயின்’ என்று சொல்லிவிடாதீர்கள்

இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறீர்களா? போய் வாருங்கள். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ‘ஹிப் பெயின்’ என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

நாம் இடுப்பு என்பது வேட்டி கட்டுகிற இடம், குடம் வைக்கிற இடம், வயலில் குனிந்து நிமிர்ந்தால் பின்பக்கம் பிடித்துக்கொள்கிற இடம். டாக்டருடைய ஹிப் அதுவல்ல. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறதே, அந்த மூட்டு. அது தேய்ந்தாலோ முறிந்தாலோ வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். நீங்கள் ஹிப் என்றதும் எக்ஸ்ரே அந்த மூட்டுக்கு எடுக்கப்படும். மூட்டு நன்றாக இருக்கும். வலி மாத்திரை ஒரு வாரத்துக்கு எழுதி அனுப்பிவிடுவார்கள். வலித்ததோ முதுகுத்தண்டின் அடிப்பகுதி. அல்லது சிறுநீரகத்துக் கல். அதை யாரும் பார்க்கவே இல்லை. சொல்லியிருக்க வேண்டியது ‘லோயர் பேக்’. விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் என்றால் ‘சைடு’. இரண்டும் நினைவுக்கு வரவில்லையா? எழுந்து திரும்பி நின்று வலிக்கிற இடத்தில் விரலை வையுங்கள். எந்த இங்கிலீஷையும்விட அது மேல்.

நாகர்கோவிலில் தமிழ் தெரியாத டாக்டர் யார் இருக்கிறார், இதற்கு ஏன் இந்தக் கூப்பாடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் தமிழில்தான் பேசுவார்கள். ஆனால் கேஸ் ஷீட் தமிழில் இல்லை. நீங்கள் சொல்வதை ஒருவர் இங்கிலீஷில் எழுதுகிறார். அடுத்த ஷிப்டில் வருகிறவர் உங்களைக் கேட்காமல் அந்தத் தாளைப் படிக்கிறார். தனியார் ஆஸ்பத்திரி என்றால் இன்னும் முன்னாலேயே, ரிசப்ஷனில் இருக்கும் பெண் ‘என்ன கம்ப்ளெயின்ட்?’ என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு சொல் தட்டிவிடுகிறாள். நீங்கள் எந்தக் கதவுக்குப் போகிறீர்கள் என்பது பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அப்புறம் நம் ஜில்லாவின் இருப்பிடம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பெரிய வியாதிக்கு மட்டும் நாம் இன்னும் திருவனந்தபுரத்தைத்தான் நம்புகிறோம். மூளை, இதயம் என்றால் ஸ்ரீ சித்திரா. கேன்சர் என்றால் ஆர்.சி.சி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாட்டிகளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. கூடப் போகிற பேரன் இங்கிலீஷ் மீடியம். ‘பாட்டிக்கு நான் சொல்லுதேன்’ என்று முன்னால் நிற்கிறான். பாட்டி எட்டு வாக்கியத்தில் சொன்ன வலியை அவன் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறான். ஆபத்து அந்தப் பாட்டியின் மொழியில் இல்லை, பேரனின் சுருக்கத்தில் இருக்கிறது.

இவர்களோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களைச் சேருங்கள். அங்கே டாக்டர் எகிப்துக்காரர், நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரி, நோயாளி குளச்சல்காரர். மூவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை இங்கிலீஷ். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களைச் சேருங்கள். வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடந்துவிட்டு, உடம்புக்கு ஆகவில்லை என்றால் மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ எது பக்கத்துத் துறைமுகமோ அங்கே கரையேற வேண்டியவர்கள். மகள் நர்ஸாக இருக்கிறாள் என்று இங்கிலாந்துக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்களையும் சேருங்கள். மகள் டியூட்டிக்குப் போன நேரத்தில்தானே நெஞ்சு அடைக்கும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கணத்துக்குப் பயப்படாதீர்கள். ‘மை லெக் இஸ் பெய்னிங்’ தப்பு என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டியிருப்பார்கள். அந்த வாக்கியத்தால் ஒரு நோயாளியும் செத்ததில்லை. எந்த டாக்டருக்கும் அது புரியும். ஆளைக் கவிழ்ப்பது சுத்தமான இலக்கணத்தில் சொல்லப்பட்ட தப்பான இடமும் தப்பான பெயரும்தான்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நமக்குக் கை. இடுப்பிலிருந்து பெருவிரல் வரைக்கும் கால். இங்கிலீஷில் மணிக்கட்டுக்குக் கீழேதான் ‘ஹேண்ட்’, மேலே ‘ஆர்ம்’. கணுக்காலுக்குக் கீழே ‘ஃபுட்’, மேலே ‘லெக்’. இடது தோளிலிருந்து முழங்கை வழியாக வலி இறங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. நீங்கள் போய் ‘ஹேண்ட் பெயின்’ என்கிறீர்கள். எதிரே இருப்பவர் தமிழ் தெரியாதவர் என்றால் உங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், கம்ப்யூட்டரில் நிறைய டைப் அடிப்பீர்களா என்று கேட்பார். ‘லெஃப்ட் ஆர்ம்’ என்றிருந்தால் ஈசிஜி மெஷினைத் தேடியிருப்பார்.

நெஞ்சுக்கு வந்துவிட்டோம். இந்தக் கட்டுரையில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மாரடைப்பு வருகிற பலருக்கு ‘வலி’ வருவதே இல்லை. அமுக்கம் வருகிறது, இறுக்கம் வருகிறது, பாரம் ஏற்றி வைத்தது போல் வருகிறது. டாக்டர் ‘எனி செஸ்ட் பெயின்?’ என்று கேட்கிறார். நீங்களும் யோக்கியமாக, வலிக்கவில்லைதானே என்று, ‘நோ’ என்கிறீர்கள். தாளில் ‘நோ செஸ்ட் பெயின்’ என்று ஏறிவிடுகிறது. ஒரு நல்ல கேள்வியும் ஓர் உண்மையான பதிலும் சேர்ந்து ஆளைக் கொன்றுவிடக்கூடிய இடம் இது. லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டு ‘ஆஞ்சைனா’ என்கிற நெஞ்சு நோயை முதன்முதலாக விவரமாகச் சொன்னபோதே கழுத்தை நெரிப்பது போன்ற உணர்வு, கூடவே ஒரு பதைப்பு என்றுதான் சொன்னார். ஆஞ்சைனா என்ற பெயரே நெரித்தல் என்ற பொருளிலிருந்து வந்தது. ஆகவே வலி இருக்கிறதா என்று கேட்டால் ‘நோ’ என்று நிறுத்தாதீர்கள். ‘டைட்னஸ்’, ‘பிரஷர்’, ‘ஹெவினஸ்’ என்ற மூன்றில் எது பொருந்துகிறதோ அதைச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் முஷ்டியை மடக்கி நெஞ்சு நடுவில் வைத்து அழுத்திக் காட்டுங்கள். அந்தச் சைகைக்கு மருத்துவப் பாடத்தில் ‘லெவின் சைன்’ என்றே பெயர் இருக்கிறது.

சொல்லவே கூடாத சொல் ‘கேஸ்’. நம் ஊரில் நெஞ்சில் எது செய்தாலும் வாயுதான். ஓமத் தண்ணீர் குடிப்போம், சோடா குடிப்போம், இரண்டு ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவோம். அதே நினைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய் ‘கேஸ் டிரபிள்’ என்றோ ‘கேஸ்ட்ரிக்’ என்றோ சொன்னால், ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற டியூட்டி டாக்டருக்கு நீங்களே பதிலையும் எழுதிக் கொடுத்தாயிற்று. நல்ல டாக்டர் ஈசிஜி எடுப்பார்தான். எல்லா ராத்திரியும் நல்ல டாக்டர் கிடைப்பார் என்று என்ன நிச்சயம்? எரிச்சலாக வருகிற மாரடைப்பும் உண்டு. கீழ்த்தாடையில் மட்டும் வலித்து, பல் டாக்டரிடம் ஆளைக் கொண்டுபோகிற மாரடைப்பும் உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வெறும் வியர்வை, மூச்சிரைப்பு, வாந்தி என்றுகூட வரும். அவர்கள் சொல்ல வேண்டியது ‘ஸ்வெட்டிங்’, ‘பிரெத்லெஸ்’. ‘நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது’ என்ற விவரம். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து கொடுக்க வழி இருக்கிறது. இத்தனை இருந்தும் ‘கேஸ்’ என்ற இரண்டெழுத்து எல்லாவற்றையும் தூங்க வைத்துவிடும்.

அடுத்த கண்ணி ‘நரம்பு’. தமிழில் நரம்பு என்றால் உணர்ச்சி நரம்பும் நரம்புதான், ரத்தக் குழாயும் நரம்புதான், தசைநாரும் நரம்புதான். ஊசி போடுகிறவர் ‘நரம்பு கிடைக்கலை’ என்கிறார். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிவதை ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். கழுத்தைத் திருப்பினால் ‘நரம்பு இழுக்குது’. மூன்றையும் ‘நெர்வ்’ என்று பெயர்த்தால் ரத்தக்குழாய்க்காரன் நியூராலஜிஸ்ட் வாசலில் போய் டோக்கன் வாங்குவான். புடைத்து நெளிவது ‘வெயின்’. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், அதுவும் நீண்ட விமானப் பயணம் முடிந்தோ ஆப்பரேஷன் முடிந்து படுத்துக் கிடந்தோ வலித்தால், ‘நெர்வ்’ என்றோ ‘கிராம்ப்’ என்றோ பெயர் வைக்காதீர்கள். ‘ஒன் காஃப், ஸ்வெல்லிங்’ என்று இருப்பதை மட்டும் சொல்லுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும்.

‘வீக்னஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. உடம்பு அசதி, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கமில்லை, எல்லாம் நமக்கு வீக்னஸ். டாக்டர் காதில் அது தசை வேலை செய்யவில்லை என்று விழும். இதனால் இரண்டு பக்கமும் கேடு. அசதிக்காரருக்குத் தேவையில்லாத பரிசோதனை. நிஜமாகவே ஒரு பக்கக் கை தூக்க வரவில்லை என்கிறவர் ‘வீக்னஸ்’ என்று சொல்லும்போது, தினமும் இருபது அசதி வீக்னஸ் கேட்டுப் புளித்த காது, குளுகோஸ் ஏற்றிவிடுகிறது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அசதி என்றால் ‘டயர்ட்’. கை தூக்க முடியவில்லை என்றால் ‘கேன் நாட் லிஃப்ட்’. மரத்துப் போயிருக்கிறது, தொட்டால் தெரியவில்லை என்றால் ‘நம்ப்’. கடைசிச் சொல்லை முதுகு வலிக்காரர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதுகு வலியோடு தொடைகளுக்கு நடுவில், உட்காருகிற இடத்தில் மரத்துப்போய், சிறுநீர் கழிக்கவும் முடியவில்லை என்றால் அது காலை வரை காத்திருக்கிற வலி அல்ல. அன்றைக்கே ஸ்கேன், தேவைப்பட்டால் அன்றைக்கே ஆப்பரேஷன்.

பனையிலிருந்தோ ரப்பர் தோட்டத்து மேட்டிலிருந்தோ விழுந்தவரை நம் ஊரில் முதலில் ஆசானிடம்தான் தூக்கிப் போவார்கள். வர்மம் கொண்டிருக்கிறது என்பார். நான் அந்த வைத்தியத்தை இங்கே விசாரணைக்கு இழுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘வர்மம்’, ‘சுளுக்கு’ என்ற தீர்ப்புகளைக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை அடி உயரம், உடம்பின் எந்தப் பக்கம் தரையில் பட்டது, எழுந்து நடந்தாரா, தடவி இழுத்துவிட்டார்களா, இந்த நாலும் வேண்டும். விழுந்ததும் ‘மயக்கம்’ வந்ததா என்றும் கேட்பார்கள். அங்கே இன்னொரு குழி.

நமக்கு மயக்கம் என்றால் தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பிக் கிடப்பதும் மயக்கம், போதையும் மயக்கம். தலையில் அடிபட்டவர் நினைவு தப்பினாரா என்பதை வைத்துத்தான் சிடி ஸ்கேன் எடுப்பதைப் பலமுறை முடிவு செய்கிறார்கள். ‘கிடினஸ்’ என்று சொன்னால் தலைசுற்றல். ஆள் நினைவு தப்பியிருந்தால் ‘அன்கான்ஷியஸ்’, எத்தனை நிமிஷம் என்பதோடு.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கலவரமா என்கிறவர்களுக்கு ஒரு கதை. கதையல்ல, கோர்ட் வரை போன விவகாரம். 1980 ஜனவரி, அமெரிக்காவின் புளோரிடா. 18 வயதுப் பையன், கியூபாக் குடும்பம். திடீரென்று கடுமையான தலைவலி, கொஞ்ச நேரத்தில் நினைவிழந்து கிடக்கிறான். கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டான் என்று வீட்டார் நினைத்து, ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்சிகாடோ’ என்கிறார்கள். சாப்பிட்ட ஏதோ ஒன்று உடம்புக்கு ஆகவில்லை என்று அதற்குப் பொருள். ஆஸ்பத்திரியில் அது ‘இன்டாக்சிகேட்டட்’ என்று ஆகிவிட்டது, அதாவது போதை. போதை மருந்து அளவு மீறிய கேஸ் என்று வைத்தியம் நடந்தது. மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. பையனுக்குக் கைகால் நான்கும் செயலிழந்தன. கடைசியில் ஒப்புக்கொண்ட நஷ்டஈட்டின் மொத்தம் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர். மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் தங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள், பாத்துக்கிடுங்க. புரியாத சொல் என்றால் மறுபடி கேட்டிருப்பார்கள். தெரிந்த சொல் மாதிரி இருந்ததால்தான் கேட்கவில்லை.

தலைவலி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘மைக்ரேன்’, ‘சைனஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எப்போதும் வருகிற தலைவலி வேறு. இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறந்ததிலிருந்து இப்படி வலித்ததில்லை என்று தோன்றுகிற தலைவலி வேறு. இரண்டாவது வகைக்கு ‘சடன்’, ‘வொர்ஸ்ட் ஹெட்டேக் ஆஃப் மை லைஃப்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது. மூளை ரத்தக்கசிவைத் தேட வைக்கிற வாக்கியம் அது. எந்த நாட்டு டாக்டரும் அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

‘அக்யூட்’, ‘க்ரானிக்’ இரண்டையும் தொடாமல் விடுவதே நல்லது. அக்யூட் என்றால் கடுமை என்று நினைக்கிறோம். புதிதாக, சட்டென்று வந்தது என்பதே அதன் பொருள். க்ரானிக் என்றால் பயங்கரம் என்று நினைக்கிறோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது அது. நேற்று ராத்திரி வந்த வயிற்று வலியை ‘க்ரானிக் பெயின்’ என்று சொன்னால், நாள்பட்டது தானே, வெளிநோயாளி வரிசையில் நில்லுங்கள் என்று விடுவார்கள். ‘சின்ஸ் லாஸ்ட் நைட்’ போதும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தது என்றால், அந்த நகர்வைச் சொல்லாமல் வராதீர்கள். அப்பென்டிக்ஸை முதலில் காட்டிக்கொடுப்பது பலமுறை அந்த நகர்வுதான்.

இனி வலியின் ருசி. வலி என்பது ஒரே சரக்கு அல்ல என்பது நம் பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும்: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுள்ளென்று இழுப்பது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் இதையே பட்டியலாக்கினார். நோயாளிகள் வலிக்குச் சொல்கிற 78 சொற்கள், 20 கூட்டங்கள். அடுத்த வருஷமே அவரும் ஒரு சகாவும், வெவ்வேறு வலிநோய்களுக்கு வெவ்வேறு சொற்கூட்டம் இருக்கிறது என்று காட்டினார்கள். சொல்லே ஒரு பரிசோதனைதான் என்று இதற்கு அர்த்தம். இங்கிலீஷில் போகும்போது நாம் அத்தனையையும் ‘பெயின்’ என்ற ஒரே சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

இதற்கு என்ன விலை? சர்க்கரைக்காரர் ஒருவருக்கு உள்ளங்கால் எரிகிறது, ஊசி குத்துகிறது, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது. ‘லெக் பெயின்’ என்கிறார். சாதாரண வலி மாத்திரை கொடுக்கிறார்கள். நரம்பு சேதத்தின் எரிச்சலுக்கு அது கேட்காது. கேட்காததால் அவரே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாங்கிப் போடுகிறார். அந்த மாத்திரை கிட்னியைத் தின்கிறது, ஏற்கெனவே சர்க்கரை தின்று வைத்த கிட்னியை. அவர் சொல்லியிருக்க வேண்டியது ‘பர்னிங்’, ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’, ‘நம்ப்’. நரம்பு வலிக்கு மருந்தே வேறு. அதேபோல் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிந்து, இரண்டொரு நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ‘ஸ்கின் அலர்ஜி’ என்று பெயர் வைத்தால் அந்த மூன்று நாள் களிம்பில் போய்விடும். மற்றவை: உள்ளுக்குள் தெறிப்பது ‘த்ராபிங்’, கத்தி சொருகினாற்போல ‘ஸ்டாபிங்’, விட்டு விட்டு முறுக்குவது ‘கிராம்ப்’, கரண்ட் அடித்தாற்போல ‘எலெக்ட்ரிக் ஷாக்’, தொட்டால் மட்டும் வலிப்பது ‘டெண்டர்’, மந்தமாக விடாமல் இருப்பது ‘டல் ஏக்’. இந்த ஆறும் தெரிந்தவருக்கு ஏழாவது அனேகமாகத் தேவைப்படாது.

‘சூடு பிடிச்சிருக்கு’ என்பதை மட்டும் எந்த மொழியிலும் பெயர்க்க முயலாதீர்கள். ‘பாடி ஹீட்’ என்றால் காய்ச்சல் என்று தெர்மாமீட்டரை நீட்டுவார்கள். நீர்க்கடுப்பு என்றால் ‘பர்னிங் வென் பாஸிங் யூரின்’. நீளமான வாக்கியம்தான், கற்றுக்கொள்ளுங்கள்.

வலியின் கதையை வைத்தே நோயைப் பிடித்த காலம் ஒன்று நம் ஜில்லாவிலேயே இருந்தது. 1838இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் வந்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள் இரண்டிலும் போன மலையேறி. 1924இல் இறங்கும் வழியில் தொண்டை அடைத்து மூச்சு நின்று சாகத் தெரிந்தவர். முதல் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தவர் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு இங்கேயே 20 ஆண்டுகளுக்கும் மேல் தங்கிவிட்டார். தென் திருவிதாங்கூரில் அப்போது குடல்புண் ஊரை அடித்துக்கொண்டிருந்தது. அவரும் சகா ஐ. எம். ஓரும் 1936இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் அதன் காரணம், அறிகுறி, சிகிச்சை பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். வளையும் எண்டாஸ்கோப் கிடையாத காலம். நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்டாக வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வருகிறதா, நடுராத்திரி எழுப்புகிறதா, ஏதாவது தின்றால் அடங்குகிறதா? சிறுகுடல் முகப்பில் புண் இருந்தால் வலி இந்த நேரக்கணக்கில்தான் பெரும்பாலும் வரும். இன்றைக்கு நாம் இந்த மூன்றையும் விழுங்கிவிட்டு ‘அல்சர்’ என்று தீர்ப்பை மட்டும் கொண்டுபோகிறோம். டாக்டர் படித்து வாங்கிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

வெட்கத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே ‘ஸ்டமக் பெயின்’தான். பதினாலு வயதுப் பையனுக்கு விதைப்பை முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. அம்மாவிடம் வயிறு வலிக்குது என்கிறான். அம்மா டாக்டரிடம் ‘ஸ்டமக் பெயின்’ என்கிறாள். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் அந்த விதை பிழைக்கும். தாமதிக்கத் தாமதிக்க அழுகிப்போகும். பையன்களை வைத்திருக்கிற அப்பாக்கள் இன்றைக்கு ராத்திரியே ‘டெஸ்டிஸ்’ என்ற சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கூச்சமாக இருந்தால் பேப்பரில் எழுதியாவது. பெண்களுக்கு இன்னும் மோசம். நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஒரு பக்க அடிவயிறு வலிக்கிறது, கூடவே தோள்பட்டை நுனியும் வலிக்கிறது, கண் இருட்டுகிறது. கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். மாமியார் பக்கத்தில் நிற்கிறாள் என்று ‘ஸ்டமக் பெயின்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அல்சர் மாத்திரை கிடைக்கும். ‘மிஸ்ட் பீரியட்’ என்ற சொல்லை முதல் வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பத்துக்கு எத்தனை வலி என்று இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். வலி இல்லை என்றால் பூஜ்யம், நினைத்துப் பார்க்க முடிகிற உச்ச வலி பத்து. நம் ஆட்கள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ‘பத்துக்குப் பதினஞ்சு’ என்று சிரித்தபடி சொல்லி, போனையும் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த தடவை அவர் சொல்கிற எட்டையும் நர்ஸ் நம்பமாட்டாள். இன்னொரு கட்சி நம் பாட்டாக்களும் பாட்டிகளும். பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஒண்ணும் இல்ல மக்களே, லேசாத்தான்’ என்பார்கள். பேரன் அதை ‘மைல்டு’ என்று மொழிபெயர்த்துவிடுவான். கேன்சர் வலிக்கு இது சித்திரவதை. பொதுவாக 1 முதல் 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் கடுமை. இந்த எண்ணை வைத்துத்தான் பாராசிட்டமாலா, மார்பினா என்று ஏணி ஏறுகிறார்கள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா போன்ற இடங்கள், வலியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகின்றன. அங்கேயும் போய் ‘லேசாத்தான்’ என்று மரியாதைக்காகச் சொல்லிவிட்டு, வீட்டில் ராத்திரி முழுக்கத் தலையணையைக் கடிக்கிறவர்கள் உண்டு. எண் வரவில்லை என்றால் வேலையைச் சொல்லுங்கள்: தூங்க முடியவில்லை, உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, குளிக்கக் கை தூக்க முடியவில்லை. டாக்டர் அதைத் தாமே எண்ணாக்கிக்கொள்வார்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு 1979இல் கொடுத்த விளக்கத்தை 2020இல் திருத்தியபோது சேர்த்த குறிப்புகளில் இரண்டு நமக்கானவை. எனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் இங்கிலீஷைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆளிடம் தைரியமாகத் தமிழுக்குத் திரும்பிவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் போகிறவர்களும் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். டாக்டரைப் பார்க்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கேட்கலாம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் போன் வழியாகவே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பாட்டியின் மூலம் பற்றியோ மாதவிலக்கு நின்றது பற்றியோ பத்து வயதுப் பிள்ளை எதைச் சொல்லும், எதை விழுங்கும்? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் இங்கிலாந்தில் 999, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, சவுதியில் 997. போனை எடுத்ததும் என்ன நோய் என்று விளக்கத் தொடங்காதீர்கள். ‘செஸ்ட் டைட்னஸ், ஸ்வெட்டிங்’ என்று முதலில், விலாசம் அடுத்து, சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர் அதற்கும் அடுத்து. அம்மாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு டியூட்டிக்குப் போகிற மகள்கள் இந்த மூன்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போகட்டும்.